கனடாவில் வேதக்காரர் சட்டத்தரணி ஆக முடியாதா? வாட்ஸ்அப்பில் வந்த செய்தி உண்மையா?

வன்னியூரான் | வெள்ளி, இரவு 9:40

உறவுகளுக்கு வணக்கம். மகள் இந்த வருஷம் எல்சாட் (சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வு) எழுதப் போகிறாள். சின்ன வயதிலிருந்தே வாயாடி, படித்தால் சட்டம்தான் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். நேற்று எங்கள் சபையின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. "கனடாவில் வேதத்தை நம்புகிறவர் இனிச் சட்டத்தரணி ஆக முடியாது, உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லிவிட்டது" என்று. மேலே கழுகுப் படம், கீழே ஒரு வசனம், அதற்கும் கீழே "பத்துப் பேருக்கு அனுப்பவும்". மனைவி அதை வாசித்துவிட்டு இரவு முழுக்கப் புரண்டு புரண்டு படுத்தாள். மகளைக் கேட்டால் "ஐயோ அப்பா, ஃபார்வேர்டு வாசிக்கிறதை நிற்பாட்டுங்கோ" என்று கதவைச் சாத்திவிட்டாள்.

இங்கே சட்டம் படித்தவர்கள் இருக்கிறீர்கள்தானே. இதில் எவ்வளவு உண்மை? விண்ணப்பத்தில் சமயம் கேட்பார்களா? அவள் சபையில் ஞாயிறு பள்ளி எடுக்கிறாள், அது பிறகு பிரச்சினையாக வருமா?

பனங்கொட்டை | வெள்ளி, இரவு 9:52

எல்லாம் ட்ரூடோ செய்து வைத்த வேலை.

கறுப்பங்கி | வெள்ளி, இரவு 11:15

பனங்கொட்டை அண்ணை, மழை பெய்தாலும் உங்களுக்கு ட்ரூடோதான்.

வன்னியூரான் அண்ணா, முதலில் அக்காவை நிம்மதியாக நித்திரை கொள்ளச் சொல்லுங்கள். பதினாலு வருஷமாக ஸ்காபரோவில் தொழில் செய்கிறேன். என்னோடு ஒரே வரிசையில் நின்று சத்தியப்பிரமாணம் எடுத்தவர்களில் ஒருவர் பெந்தெகொஸ்தே போதகரின் மகன், ஒருவர் முக்காடு போட்ட சோமாலியப் பிள்ளை. விண்ணப்பத்தில் நன்னடத்தைப் பகுதி என்று ஒன்று உண்டு. குற்றத் தீர்ப்பு ஏதும் இருக்கிறதா, வேலையிலிருந்து நீக்கப்பட்டீர்களா, படிக்கிற இடத்தில் ஒழுங்கு நடவடிக்கை எடுத்தார்களா, வங்குரோத்து ஆனீர்களா, இப்படித்தான் கேள்விகள் போகும். எந்தச் சபைக்குப் போகிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை.

அந்தச் செய்தி முளைத்த இடம் டிரினிட்டி வெஸ்டர்ன் வழக்கு. பிரிட்டிஷ் கொலம்பியாவில் லாங்லி என்ற ஊரில் இருக்கும் சுவிசேஷக் கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் அது. ஆண்டுக்கு 60 பேரைச் சேர்க்கும் சட்டக் கல்லூரி ஒன்று தொடங்க விரும்பினார்கள். பாடத்திட்டத்தில் குறை இல்லை. சட்டத்தரணிகளுக்கு உரிமம் கொடுக்கும் மாகாணச் சட்டச் சங்கங்களுடைய கூட்டமைப்பு 2013 டிசம்பரில் சரி என்றுவிட்டது. வில்லங்கம் வேறு இடத்தில் இருந்தது. அங்கே சேரும் ஒவ்வொரு மாணவரும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்து வைக்க வேண்டும். பொய் சொல்லமாட்டேன், பிறர் எழுத்தைத் திருடமாட்டேன், வளாகத்தில் குடிக்கமாட்டேன் என்று நீளுகிற பட்டியலில், ஆண் பெண் திருமணத்துக்கு வெளியே உடலுறவு கொள்ளமாட்டேன் என்பதும் ஒன்று. வளாகத்தில் மட்டுமில்லை, வீட்டில் இருக்கும்போதும். கனடாவிலோ 2005-இலிருந்து ஒருபாலார் திருமணம் சட்டப்படி செல்லும். அப்படி மணமுடித்த இரண்டு பெண்களில் ஒருத்தி அங்கே சேர்ந்தால், தன் வீட்டு அறைக்குள்ளேயே அவள் உடன்படிக்கையை மீறியவள்.

2014 ஏப்ரலில் எங்கள் ஒன்ராறியோவின் சட்டச் சங்கமான லோ சொசைட்டியின் பெஞ்சர்கள் (நிர்வாகக் குழுவினர்) 28க்கு 21 என்று அங்கீகாரத்தை மறுத்தார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் பெஞ்சர்கள் முதலில் தலையாட்டினார்கள், உறுப்பினர்கள் கொதித்து வாக்கெடுப்புக் கேட்டார்கள், 74 வீதம் எதிர்ப்பு விழுந்தது, பெஞ்சர்கள் முடிவை மாற்றிக்கொண்டார்கள். பிறகு வழக்குகள். நோவா ஸ்கோஷியாவிலும் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் நீதிமன்றங்கள் பல்கலைக்கழகத்தின் பக்கம், ஒன்ராறியோவில் சங்கத்தின் பக்கம். கடைசியில் 2018 ஜூன் 15 அன்று உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்று சங்கங்களின் பக்கம் தீர்த்தது. இரண்டு மாதத்தில் பல்கலைக்கழகம் அந்தக் கையெழுத்து மாணவர்களுக்குக் கட்டாயமில்லை என்று ஆக்கிவிட்டது.

ஆக, மறுத்தது ஒரு கல்லூரிக்கு. அதே பல்கலைக்கழகத்தில் பி.ஏ. முடித்துவிட்டு வேறு இடத்தில் சட்டம் படித்தால் உரிமம் எடுக்க அன்றும் தடையில்லை, இன்றும் தடையில்லை. ஃபார்வேர்டில் ஒரு சொட்டுப் பால், மிச்சம் தண்ணீர்.

மானிப்பாயான் | சனி, காலை 7:05

அக்கா சொன்ன விபரங்களில் பிழை இல்லை. ஆனால் மிச்சம் தண்ணீர் என்று சொன்னதை என்னால் விழுங்க முடியவில்லை.

இதே பல்கலைக்கழகம், கிட்டத்தட்ட இதே மாதிரி ஒரு கையெழுத்து, 2001-இல் இதே உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அப்போது ஆசிரியர் பயிற்சி. பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஆசிரியர்களுக்கு உரிமம் கொடுக்கும் "ஆசிரியர் கல்லூரி" என்ற அமைப்பு அங்கீகாரம் தர மறுத்தது. நீதிமன்றம் 8க்கு 1 என்று பல்கலைக்கழகத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அங்கே படித்து வந்த ஓர் ஆசிரியர் வகுப்பறையில் ஒரு பிள்ளையைப் பாகுபாட்டோடு நடத்தினார் என்று ஒரு சாட்சியம்கூட இல்லை என்பது முக்கிய காரணம். நம்பிக்கை வைத்திருக்கும் சுதந்திரம் அகலமானது, அதன்படி நடக்கும் சுதந்திரம் அதைவிடக் குறுகியது, நடத்தையைப் பார்த்துத்தான் தண்டிக்க வேண்டும் என்றார்கள். பதினேழு வருஷத்தில் அந்தச் சாட்சியம் வந்துவிட்டதா? வரவில்லை. மாறியது காற்று.

இன்னொன்று. 2018 தீர்ப்பில் பெரும்பான்மை நீதிபதிகள், இந்த உடன்படிக்கை அவர்களுடைய ஆன்மிக வாழ்வுக்கு விரும்பத்தக்கதுதான், கட்டாயத் தேவை இல்லை, ஆகவே சமய உரிமைக்கு நேரும் பாதிப்புச் சின்னது என்று கணக்குப் போட்டார்கள். யாருக்குச் சின்னது? என் அம்மா தவக்காலம் நாற்பது நாளும் மீன் தொடமாட்டா. அது அவவுக்குப் பெரிதா சின்னதா என்று ஒட்டாவாவில் இருந்து யார் அளப்பது? எதிர்த்து எழுதிய கோத்தே, பிரவுன் இருவரும் சொன்னது எளிமையானது. உரிமம் கொடுக்கிறவரின் வேலை, முன்னால் வந்து நிற்கிற ஆள் தகுதியானவரா என்று பார்ப்பது. அவர் படித்த கல்லூரி யாரைச் சேர்த்தது என்று தோண்டுவது இல்லை.

ஈரோட்டுக்காரன் | சனி, காலை 8:31

மானிப்பாயான் சார், தவக்காலத்தில் உங்க அம்மா மீன் சாப்பிடாததை யாரும் கேட்கலை. பக்கத்து வீட்டுக்காரனும் சாப்பிடக் கூடாது, மீறினால் கல்லூரியை விட்டுப் போ என்றால்தான் கேள்வி வரும். கோயில் உங்களுடையது, கட்டிக்கோங்க. சட்டக் கல்லூரி என்பது நீதிமன்றத்துக்குப் போகிற வாசல். அங்கே யார் நுழையலாம் என்று சட்டகம் போட்டால், நாளைக்கு வக்கீல், நாளை மறுநாள் நீதிபதி யார் என்பதற்கும் சேர்த்தே சட்டகம் போட்ட மாதிரி. எங்க ஊரில் கோயில் தெருவிலேயே நடக்கக் கூடாது என்று ஒரு காலம் இருந்தது. அதுவும் அவங்க நம்பிக்கைதான்.

மானிப்பாயான் | சனி, காலை 8:50

வைக்கம் தெரு பொதுத் தெரு. லாங்லி தனியார் பல்கலைக்கழகம், பிடிக்காதவருக்கு வேறு சட்டக் கல்லூரிகள் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.

பெயர் வேண்டாம் | சனி, மதியம் 1:20

வழக்கமாக வாசிப்பதோடு சரி, எழுதுவதில்லை. இதற்காகவே புதிதாகக் கணக்குத் திறந்தேன்.

நான் சட்டம் படிக்கிற தமிழ்ப் பையன். பெண்களை மணக்கப் போகிறவன் இல்லை. வீட்டில் இன்னும் தெரியாது. பன்னிரண்டாம் வகுப்பில் பல்கலைக்கழகக் கையேடுகளை மேசையில் பரப்பி வைத்து அப்பாவும் நானும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் இந்தப் பல்கலைக்கழகத்தின் கையேட்டைத்தான் கையில் எடுத்தார். மலை, பச்சைப் புல், சிரித்த முகங்கள். "நல்ல ஒழுக்கமான இடம் போல இருக்குது" என்றார். இணையத்தில் அந்த உடன்படிக்கையை நான் ஏற்கெனவே வாசித்திருந்தேன். "தூரம் அப்பா, குளிர்" என்று ஏதோ உளறினேன். வான்கூவர் பக்கம் ரொறன்ரோவைவிடக் குளிர் குறைவு என்று அவருக்கும் தெரியும். ஒன்றும் சொல்லாமல் கையேட்டைக் கீழே வைத்தார்.

வேறு கல்லூரி இருக்கிறது என்று சொல்கிறீர்கள். சரி, இருக்கிறது, அங்கேதான் படிக்கிறேன். ஆனால் எல்லோருக்கும் இடம் தட்டுப்பாடான துறையில் 60 இடம் புதிதாக வருகிறது, அதில் ஒன்றுகூட உனக்கு இல்லை என்றால், கதவில் பெயர் எழுதி ஒட்டியிருக்க வேண்டியதில்லை, எனக்குப் புரியும். பொய்யாகக் கையெழுத்து வைத்துவிட்டுப் போயிருக்கலாம் என்று ஒரு நண்பன் சொன்னான். பொய் சொல்லமாட்டேன் என்பதும் அதே தாளில்தான் இருந்தது.

கறுப்பங்கி | சனி, இரவு 10:02

தம்பி, எழுதியதற்கு நன்றி. இரண்டு தரம் வாசித்தேன்.

இனி நான் சொல்லப் போவது இரண்டு பக்கத்துக்கும் பிடிக்காது. பகல் முழுக்க ஒரு வீட்டுப் பத்திரத்தோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து எழுதுகிறேன், கொஞ்சம் அலையும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டிஷ் கொலம்பியாவின் அதே சட்டச் சங்கத்துக்கு 1948-இல் கார்டன் மார்ட்டின் என்ற இளைஞர் விண்ணப்பித்தார். போரில் விமானப் படையில் இருந்துவிட்டு வந்து சட்டம் படித்தவர், தேர்வெல்லாம் பாஸ். ஆள் கம்யூனிஸ்ட். அவ்வளவுதான் குற்றம். கம்யூனிஸ்ட் ஒருவன் மனச்சாட்சியோடு சத்தியப்பிரமாணம் எடுக்க முடியாது, ஆகவே நன்னடத்தை இல்லை என்று பெஞ்சர்கள் கதவை மூடினார்கள். 1950-இல் மாகாண மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அவர் பிறகு நனைமோவில் தொலைக்காட்சி திருத்துகிற கடை வைத்துப் பிழைத்தார். தன்னிடம் வழக்குக் கொடுத்த யாரை அவர் ஏமாற்றினார், எந்த நீதிபதிக்குப் பொய் சொன்னார் என்று ஒருவரும் கேட்கவில்லை. என்ன நினைக்கிறாய் என்று மட்டும் கேட்டார்கள்.

அதற்கும் முன்னால் அதே மாகாணத்தில் வாக்காளர் பட்டியலில் இடம் பெற முடியாதவர் சட்டத்தரணி ஆக முடியாது. சீனர், ஜப்பானியர், இந்தியத் துணைக்கண்டத்தவர் யாருக்கும் வாக்கில்லை. எங்கள் நிறத்தவருக்கு 1947-இல்தான் வாக்கு வந்தது. ஒன்ராறியோவில் 1891-இல் கிளாரா பிரெட் மார்ட்டின் விண்ணப்பித்தபோது பெண் "ஆள்" கணக்கில் வரமாட்டாள் என்று திருப்பி அனுப்பினார்கள். 1897 வரை விடாமல் தட்டித்தான் உள்ளே வந்தா. எனவே வாசலை எல்லோருக்கும் திறந்து வைப்பது சங்கத்தின் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் சொன்னதை நான் லேசாக எடுக்கமாட்டேன். அந்த வாசல் மூடியிருந்தால் நான் இல்லை. 60 இடத்தில் ஒன்றுகூட இந்தத் தம்பிக்கு இல்லை என்பது உண்மையான கேடு.

ஆனால் அந்த 74 வீதம் என் தொண்டையில் முள்ளாகத்தான் நிற்கிறது. ஒரு சிறு சமயக் கூட்டத்தின் உரிமையை ஆயிரக்கணக்கான சட்டத்தரணிகள் தபால் வாக்கில் தீர்மானித்தார்கள். இன்றைக்கு முடிவு எனக்குப் பிடித்ததாக இருக்கலாம். 1948-இல் கார்டன் மார்ட்டினை வாக்குக்கு விட்டிருந்தால் 74 இல்லை, 90 விழுந்திருக்கும்.

இப்போது என் சொந்தக் கதை. 2016 டிசம்பரில் லோ சொசைட்டி ஓர் அறிக்கையை ஏற்றது. இனச் சிறுபான்மைச் சட்டத்தரணிகள் படும் பாடு பற்றியது. அதில் சொன்னதெல்லாம் எனக்கு நடந்தவைதான். முதலில் வேலை செய்த அலுவலகத்தில் (பெயர் வேண்டாம்) என் பெயரைச் சொல்ல மூன்று மாதம் முயன்றுவிட்டு, கடைசியில் "ஷான்" என்று வெட்டிவிட்டார்கள். வழக்காடு மன்றத்தில் என்னை மொழிபெயர்ப்பாளர் என்று நினைத்து ஓரமாக உட்காரச் சொன்னது ஐந்தாறு தரம். ஆக, அந்த அறிக்கை வந்தபோது சந்தோஷம்தான்.

அதன் பரிந்துரைகளில் ஒன்று: ஒவ்வொரு சட்டத்தரணியும் சமத்துவத்தையும் பன்மைத்தன்மையையும் எல்லோரையும் உள்ளடக்குவதையும் பொதுவாக முன்னெடுக்கும் கடமை தனக்கு உண்டு என்று ஒரு கொள்கைக் கூற்றைத் தானே எழுதி ஏற்றுக்கொள்ள வேண்டும். எழுதியதை அனுப்ப வேண்டியதில்லை, எழுதிவிட்டேன் என்று வருடாந்தப் படிவத்தில் ஒரு கட்டத்தில் டிக் போட்டால் போதும். சமையலறை மேசையில் இருந்தேன். பிள்ளையின் வீட்டுப்பாடக் கொப்பி பக்கத்தில் கிடந்தது. மூன்று வரி எழுதினேன். எனக்கு நம்பிக்கையுள்ள விஷயம்தான், ஒரு வார்த்தையும் பொய் இல்லை. ஆனால் வாசித்துப் பார்த்தபோது பொய் மாதிரி இருந்தது. என் உரிமத்தைக் கையில் வைத்திருப்பவர் கேட்டு எழுதியது என்பதால். பாகுபாடு காட்டக் கூடாது என்பது எப்போதும் விதியில் இருக்கிறது, காட்டினால் என்னைத் தண்டிக்கலாம், சரி. "முன்னெடு" என்றால் என் வாயைக் கேட்கிறார்கள். டிக் போட்டேன். இன்றைக்கும் அந்த டிக்கை நினைத்தால் கூச்சம்.

டிரினிட்டி மாணவனிடம் பல்கலைக்கழகம் கேட்டதும் ஒரு கையெழுத்து, என்னிடம் சங்கம் கேட்டதும் ஒரு கையெழுத்து. முதலாவதைக் கண்டித்தவர்கள் பலர் இரண்டாவதைக் கொண்டாடினார்கள். முதலாவதுக்கு வக்காலத்து வாங்கியவர்கள் இரண்டாவதை எதிர்த்து மனச்சாட்சி மனச்சாட்சி என்றார்கள்.

பெயர் வேண்டாம் | சனி, இரவு 10:40

அக்கா, மரியாதையோடு சொல்கிறேன், இரண்டும் ஒரே கையெழுத்து இல்லை. நீங்கள் மூன்று வரி எழுதி டிக் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனீர்கள். என்னிடம் கேட்டது நான் யாரோடு வாழலாம் என்று. கூச்சமும் வெளியேற்றமும் ஒன்றா?

கறுப்பங்கி | சனி, இரவு 10:58

எடை ஒன்றில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேட்டவரும் ஒருவரில்லை தம்பி. ஒருவர் தனியார், மற்றவர் அரசு கொடுத்த அதிகாரத்தோடு என் பிழைப்பைப் பிடித்திருப்பவர். எது கனம் என்று எனக்கே இரவுக்கு இரவு மாறுகிறது.

கடுகு | ஞாயிறு, காலை 6:30

அந்த டிக் கதை பிறகு என்ன ஆனது என்று ஒருவரும் சொல்லவில்லையே?

கறுப்பங்கி | ஞாயிறு, காலை 9:10

பெரிய கூத்து. முதல் வருஷம் டிக் போடாதவருக்குத் தண்டனை எதுவும் இல்லை. ஜோ குரோயா என்ற பெஞ்சர், மனச்சாட்சி காரணமாக மறுப்பவருக்கு விலக்குத் தாருங்கள் என்று கேட்டார், தோற்றார். இந்த குரோயா யார் என்றால், பிரி-எக்ஸ் தங்கச் சுரங்க மோசடி வழக்கில் புவியியலாளர் ஃபெல்டர்ஹோஃபுக்கு வாதாடி 2007-இல் விடுதலை வாங்கிக் கொடுத்தவர். வாதாடும்போது எதிர்த் தரப்பைக் காரமாகப் பேசினார், பண்பில்லாமல் நடந்தார் என்று அரசுத் தரப்போ நீதிபதியோ முறையிடாமலே சங்கம் தானாக நடவடிக்கை எடுத்தது. உச்ச நீதிமன்றம் வரை போனார். 2018 ஜூன் 1 அன்று 6க்கு 3 என்று வென்றார். அச்சமில்லாமல் வாதாட இடம் இல்லாவிட்டால் கட்சிக்காரனுக்கு என்ன பாதுகாப்பு என்பதுதான் தீர்ப்பின் சாரம். டிரினிட்டி தீர்ப்பு வந்தது அதற்கு இரண்டே கிழமை கழித்து!

பேச்சுக்கு எல்லையே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். கியூபெக்கில் ஜில் டோரே என்பவர், மன்றத்தில் தன்னைத் திட்டிய நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். அருவருப்பான ஆள், திமிர் பிடித்தவர் என்றெல்லாம். 21 நாள் தொழில் செய்யத் தடை. 2012-இல் உச்ச நீதிமன்றம் அதைச் சரி என்றது. அந்தத் தீர்ப்பில் போட்ட அளவுகோலைத்தான் டிரினிட்டி வழக்கிலும் எடுத்துப் பிடித்தார்கள். ஒரு கோபக் கடிதம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது பாருங்கள்.

சரி, கூற்றுக்கு வருவோம். 2019 ஏப்ரல் பெஞ்சர் தேர்தலில் இதை நீக்குவோம் என்று ஒரு அணி இறங்கியது. சட்டத்தரணிகளுக்கான 40 இடத்தில் 22 பிடித்தது. செப்டம்பரில் கூற்றுத் தேவை ரத்து. 2023 தேர்தலில் அந்தப் பக்கம் சுத்தமாகத் தோற்று, எதிரணி 40-ஐயும் அள்ளியது. ஆனாலும் கொள்கைக் கூற்று திரும்பி வரவில்லை.

கொழும்புத்துறை | ஞாயிறு, காலை 11:44

கறுப்பங்கி பிள்ளை எழுதின கையெழுத்துக் கதை பழையதொன்றைக் கிளறிவிட்டது.

1983 ஆகஸ்டில் இலங்கையில் ஆறாம் திருத்தம் வந்தது. தனிநாட்டை நேராகவோ மறைமுகமாகவோ, நாட்டுக்குள்ளோ வெளியிலோ ஆதரிக்கமாட்டேன், ஊக்குவிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். தமிழர் விடுதலைக் கூட்டணி எம்.பி.மார் மறுத்தார்கள், கதிரைகளை இழந்தார்கள். அரச உத்தியோகத்தரும் எடுக்க வேண்டும். என் அப்பா கச்சேரியில் (அரச செயலகத்தில்) கிளாக். ஜூலையில் கொழும்பில் எரிந்த வீட்டில் இருந்து சின்னம்மாவின் குடும்பம் கப்பலில் வந்து எங்கள் விறாந்தையில் படுத்திருந்தது. அப்பா வெள்ளை வேட்டியை மாற்றிக் காற்சட்டை போட்டுக்கொண்டு போய் ஒப்பம் வைத்துவிட்டு வந்தார். வந்து கிணற்றடியில் கனநேரம் கை கழுவினார். மைக் கறை இல்லை. அவர் அரசியல் கதைக்கிற ஆளும் இல்லை. கேட்டிராவிட்டால் வாழ்நாளில் தனிநாடு என்ற சொல்லை உச்சரித்தே இருக்கமாட்டார்.

எடிசன் முருகேசன் | ஞாயிறு, மதியம் 2:15

அமெரிக்காவில் இந்தக் கதைக்கு நீண்ட வரலாறு உண்டு. இரண்டு பேரை மட்டும் சொல்கிறேன், இருவரும் இல்லினாய்.

கிளைட் சம்மர்ஸ், மதநம்பிக்கையால் ஆயுதம் ஏந்தமாட்டேன் என்றவர். மாநில அரசியலமைப்பு அவசியமானால் படையில் சேரச் சொல்கிறது, அதை நீ எப்படி மனதாரக் காப்பாற்றுவாய் என்று உரிமத்தை மறுத்தார்கள். 1945-இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று அதை ஏற்றது. சட்டப் பேராசிரியராகப் பெரிய பெயர் எடுத்தார்.

ஜார்ஜ் அனஸ்டாப்லோ, போரில் விமானப்படை நேவிகேட்டர். 1950-இல் நேர்காணலில் கொடுங்கோல் அரசைத் தூக்கியெறிய மக்களுக்கு உரிமை உண்டா என்ற பேச்சு வந்தது. உண்டு, சுதந்திரப் பிரகடனத்திலேயே எழுதியிருக்கிறதே என்றார். உடனே கம்யூனிஸ்டா என்று கேட்டார்கள். அது உங்களுக்குத் தேவையில்லாத கேள்வி என்று பதில் சொல்ல மறுத்தார். அவர் கம்யூனிஸ்ட் என்று ஒருவரும் காட்டவில்லை. 1961-இல் இதுவும் 5க்கு 4, தோல்வி. எதிர்த்து எழுதிய நீதிபதி ஹ்யூகோ பிளாக், சுதந்திரமாக இருக்க நாம் அஞ்சக் கூடாது என்று முடித்தார். அந்த வரியைப் பிளாக்கின் இறுதிச் சடங்கில் வாசித்தார்கள். அனஸ்டாப்லோ 2014-இல் சாகும் வரை சட்டம் சொல்லிக் கொடுத்தார், வக்கீல் மட்டும் ஆகவில்லை.

இப்போதைய சண்டை 8.4(ஜி) என்ற மாதிரி விதி. 2016-இல் அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் கொண்டுவந்தது, தொழில் தொடர்பான இடங்களில் பாகுபாடான பேச்சும் ஒழுங்கீனம் என்கிறது. பென்சில்வேனியா வடிவத்தை ஒரு ஃபெடரல் நீதிபதி இரண்டு முறை நிறுத்தினார். 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், வழக்குப் போட்டவருக்கு வழக்குத் தொடரும் தகுதியே இல்லை என்று தள்ளிவிட்டது. கருத்தரங்கில் சொன்ன ஒரு ஜோக் எந்தக் கணக்கில் வரும் என்ற கேள்வி அப்படியே கிடக்கிறது.

ஹைகோர்ட் வாசல் | ஞாயிறு, மாலை 6:20

சென்னையிலிருந்து. நம்ம ஊர்க் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வ.உ.சி.க்கு 1908-இல் ராஜதுரோகத் தண்டனை. 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது கப்பலும் இல்லை, சன்னதும் இல்லை. வக்கீல் தொழில் செய்யும் உரிமம் பறிபோயிருந்தது. மேடையில் பேசியதற்காக. பல வருஷம் கழித்து வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் தயவில்தான் அது திரும்பக் கிடைத்தது. நன்றிக்காகக் கடைசி மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். சொந்த உரிமையைத் திரும்பப் பெற்றதற்குப் பிள்ளை பெயரில் நன்றி சொல்ல வேண்டியிருந்த காலம்.

1919-இல் அகமதாபாத்தில் சில வக்கீல்கள் ரௌலட் சட்டத்துக்கு எதிரான சத்தியாகிரக உறுதிமொழியில் கையெழுத்து வைத்தார்கள். (பாருங்கள், இதுவும் கையெழுத்துதான்.) இவர்களைத் தொழிலில் விடலாமா என்று மாவட்ட நீதிபதி கென்னடி பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு எழுதினார். அந்தக் கடிதத்தை காந்தி தன் யங் இந்தியா பத்திரிகையில் போட்டுவிட்டார். நீதிமன்ற அவமதிப்பு என்று 1920-இல் கடுமையாகக் கண்டித்தார்கள். 1922-இல் லண்டன் இன்னர் டெம்பிள் என்ற வழக்கறிஞர் அமைப்பு காந்தியின் பெயரையே பட்டியலிலிருந்து எடுத்தது. திரும்பச் சேர்த்தது 1988-இல். நாற்பது வருஷம் முன்பே ஆள் போயாச்சு.

சுதந்திரம் வந்த பிறகு? 2016-இல் எங்கள் உயர் நீதிமன்றம் 14ஏ முதல் 14டி வரை விதிகள் போட்டது. நீதிபதி பெயரைச் சொல்லிப் பணம் வாங்குவது, ஆவணத்தைத் திருத்துவது, குடித்துவிட்டு வருவது இவற்றோடு, வளாகத்துக்குள் ஊர்வலம் போவது, கோர்ட் ஹாலில் அட்டை பிடிப்பது எல்லாம் ஒரே பட்டியலில். நீதிமன்றமே தடை போடலாம். லஞ்சமும் அட்டையும் ஒரே தராசில்! அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தின் ஆவின் கேட் பக்கம் நாங்கள் நின்ற வெயில் இன்னும் தலையில் இருக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த விதிகளை ரத்து செய்தது, ஒழுங்கு நடவடிக்கை பார் கவுன்சிலின் வேலை என்று.

பார் கவுன்சில் மட்டும் யோக்கியமா? 2021 ஜூனில் இந்திய பார் கவுன்சில், நீதிபதிகளையும் பார் கவுன்சிலையும் பற்றித் தரக்குறைவாகப் பொதுவெளியில் பேசினால் உரிமத்துக்கே வேட்டு என்று விதி கொண்டுவந்தது. கூச்சல் கிளம்பியதும் கிடப்பில் போட்டார்கள். எங்கள் கவுன்சிலை நாங்களே திட்டக் கூடாது என்றால் டீக்கடையில் எதைத்தான் பேசுவது?

மானிப்பாயான் | ஞாயிறு, இரவு 8:05

கையெழுத்து, சத்தியம் என்று பேச்சு வந்ததால் இன்னொன்று. அல்பேர்ட்டாவில் அமிர்தம் எடுத்த (தீட்சை பெற்ற) ஒரு சீக்கிய மாணவர் 2022-இல் வழக்குப் போட்டார். அப்போது அங்கே சட்டத்தரணி ஆக மகாராணிக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டியிருந்தது. அவரோ அகால புருஷன் என்று சீக்கியர் சொல்லும் இறைவனுக்கு முழு விசுவாசத்தையும் கொடுத்துவிட்டவர், இன்னொருவருக்குக் கொடுக்க மிச்சம் இல்லை என்றார். 2023-இல் முதல் நீதிமன்றம், பிரமாணம் ஓர் ஆளுக்கு இல்லை, அரசியலமைப்புக்கும் சட்டத்தின் ஆட்சிக்கும் அது ஒரு குறியீடு என்று தள்ளுபடி செய்தது. அவர் மேல்முறையீடு போனார். நான் கிறிஸ்தவன், அவர் சீக்கியர், ஆனால் உன் சத்தியத்தின் பொருள் என்ன என்று உனக்கு நாங்கள் சொல்லித் தருகிறோம் என்ற அந்தக் குரலை எனக்கு நன்றாக அடையாளம் தெரியும்.

பெயர் வேண்டாம் | ஞாயிறு, இரவு 8:31

இதில் நான் உங்கள் பக்கம். ஒன்ராறியோவில் அந்த விசுவாசப் பிரமாணம் விரும்பினால் எடுக்கலாம் என்றுதான் இருக்கிறது, வானம் இடிந்து விழவில்லை.

மானிப்பாயான் | ஞாயிறு, இரவு 8:36

தம்பி, உங்கள் அப்பாவிடம் சொல்லும் நாள் வந்தால், சபைக்காரர் யாரும் பக்கத்தில் வேண்டும் என்றால் எனக்குத் தனிமடல் போடுங்கள். டிரினிட்டி விஷயத்தில் என் கருத்து மாறவில்லை.

பெயர் வேண்டாம் | ஞாயிறு, இரவு 9:02

எனக்கும் மாறவில்லை. நன்றி அண்ணா.

வன்னியூரான் | திங்கள், இரவு 7:48

எல்லோருக்கும் நன்றி. நான் கேட்டது ஒரு வரிக் கேள்வி, கிடைத்தது ஒரு வருஷப் படிப்பு. மகளுக்கு இழையைக் காட்டினேன். முழுக்க வாசித்துவிட்டு, கார்டன் மார்ட்டின் கடையைப் பற்றி மட்டும் இரண்டு தரம் கேட்டாள். பிறகு "அப்பா, உரிமம் கேட்டுப் போகிற நாளில் அவங்கள் என்ன நினைக்கிறாய் என்று கேட்டால், நான் என்ன சொல்ல வேண்டும்?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. அம்மாதான் "முதலில் சோதினையைப் பாஸ் பண்ணு" என்றா.

சபைக் குழுவில் திருத்தம் போட்டேன். மூன்று பேர் கட்டைவிரல். ஒருவர் பதிலுக்கு அதே கழுகுப் படத்தைத் திரும்பவும் அனுப்பினார்.

ஒரு சின்ன உதவி, பழைய எல்சாட் பயிற்சிப் புத்தகங்கள் யாரிடமாவது உண்டா?

கறுப்பங்கி | திங்கள், இரவு 9:30

என்னிடம் ஒரு பெட்டி நிறைய இருக்கிறது. ஆனால் லாஜிக் கேம்ஸ் என்ற புதிர்ப் பகுதியை 2024 ஆகஸ்டிலிருந்து எடுத்துவிட்டார்கள், அந்தப் பக்கங்கள் எல்லாம் வீண். மிச்சம் உதவும். சனிக்கிழமை மார்க்கம் பக்கம் வருகிறேன், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.